முதுகால் அளந்த மழை

சுருளிவேலின் இடுப்பு வலி நேரம் தவறாத வலி. அவன் கண்விழிப்பதற்கு முன்பே எழுந்து, முதுகுத்தண்டின் அடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அவனுக்காகக் காத்திருக்கும். மீசை முளைத்த நாளிலிருந்து கம்பம் மார்க்கெட்டில் திராட்சைப் பெட்டி தூக்கித் தூக்கி வளர்த்த வலி. பெற்ற பிள்ளை மாதிரி பழகிவிட்டது. ஆனால் அன்று காலையில் அது தனியாக வரவில்லை. தோள்பட்டைக்கு ஒன்று, பிடரிக்கு ஒன்று, விலாவுக்கு ஒன்று என்று சொந்தபந்தத்தையெல்லாம் கூட்டி வந்திருந்தது. முந்தின நாள் சாயங்காலம் ஆலங்கட்டி மழை பெய்திருந்தது.

குப்புறப் படுத்தவாக்கில் ஒரு கையை ஊன்றிப் பார்த்தான். கை ஒத்துழைக்கவில்லை.

"எந்திரிக்கிறியா, கிரேன் வரச் சொல்லவா?" என்றாள் கோகிலா அடுப்படியிலிருந்து.

"வலியெல்லாம் ஒண்ணுமில்ல. சும்மா படுத்துக் கெடக்கேன்."

"நான் வலிக்குதான்னு கேக்கவே இல்லையே."

இருபது வருசமாக அவனோடு குடித்தனம் நடத்துகிறவள். எந்தக் கேள்வியை எப்போது கேட்காமல் விட வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

மொட்டப்பாறைப்பட்டியில் சுருளிவேலுக்கு இரண்டு உத்தியோகப் பெயர். காப்பீட்டுக் கம்பெனிக் காகிதத்தில் 'உடற்சான்றாளர்'. ஊருக்குள் 'கல்லடி ஆள்'. மேகம் கறுத்தால், கம்பெனி கொடுத்த சாம்பல் நிறச் சட்டையை மாட்டிக்கொண்டு, திராட்சைப் பந்தல்களுக்கு நடுவே வேலி கட்டி விட்டிருக்கும் மொட்டைத் தரையில் போய் நிற்க வேண்டும். அதற்குக் களம் என்று பெயர். தலைக்குக் கவசம் உண்டு. முதுகுக்கு அந்தச் சட்டை மட்டும்தான். ஆலங்கட்டிக் கல் விழுந்து ஓயும்வரை களத்தைவிட்டு நகரக் கூடாது. விழுந்த கல் எத்தனை பெரிசு என்பதைச் சட்டை கம்பெனிக்குச் சொல்லிவிடும். இருபது மில்லிமீட்டரைத் தொட்டுவிட்டால் அந்த வட்டாரத்துத் தோட்டங்கள் அத்தனைக்கும் காப்பீடு கிடைக்கும். தொடாவிட்டால் வருத்தம் தெரிவித்து ஒரு குறுஞ்செய்தி கிடைக்கும்.

மற்ற ஊர்களில் கல்லடி ஆட்கள் கத்துவார்கள், குதிப்பார்கள், பெற்றவளைக் கூப்பிடுவார்கள் என்று கேள்வி. சுருளிவேல் அந்த ரகம் இல்லை. மார்க்கெட்டில் பெட்டி நழுவிக் காலில் விழும்போது 'அம்மா' என்று சொன்ன லோடுமேனுக்கு அன்றைக்கே 'குழந்த' என்று பெயர் வைத்துவிடுவார்கள். பாடையில் ஏறுகிற நாள்வரை அந்தப் பெயர் இறங்காது. ஆகவே அவன் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பான். நின்றதைப் பார்க்க ஆள் இருந்தால் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து நிற்பான்.

ஒருவழியாக எழுந்து டீக்கடைக்குப் போனான். போனதும் பனியனைத் தூக்கி முதுகைக் காட்டினான். நாவல் பழத்தை வாரி இறைத்ததுபோல் இருந்தது.

"ஒரு 'ஸ்'ஸு சொல்லலடா நான். தெய்வேந்திரா, நீ பாத்தேல்ல?"

தெய்வேந்திரன் ஒரு ஏக்கர் திராட்சைக்காரன், சுருளிவேலோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து சேர்ந்து பெயிலானவன். "பாத்தேன் மாப்ள," என்றான். "எருமை மழையில நிக்குமே, அச்சு அசல் அதே மாதிரி நின்ன."

சுருளிவேல் அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டான். அந்த நேரத்தில் கடையில் இருந்த எல்லோருடைய போனும் ஒரே சமயத்தில் முணுமுணுத்தது. தெய்வேந்திரன் எடுத்துப் படித்தான். படித்துவிட்டு டீயைக் கீழே வைத்தான்.

"பதினாலு மில்லிமீட்டராம்."

மற்றவர்களும் தங்கள் போனை எடுத்துப் பார்த்தார்கள். பாய்லர் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரத்தில் பவுன்தாய் வந்தாள். சுருளிவேலுக்கு முறைக்கு மதினி. புருசன் போனபின் இரண்டு ஏக்கர் பன்னீர் திராட்சைத் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்து, மருந்தடிப்பதிலிருந்து கவாத்து வெட்டுவது வரைக்கும் தானே பார்க்கிறவள். கையில் ஒரு எவர்சில்வர் தூக்குச்சட்டி. மாவுக்குப் பக்கத்தில் பிரிட்ஜில் வைத்திருந்து எடுத்து வந்ததால் வெளியே வியர்த்திருந்தது.

"சுருளி, கையை நீட்டு."

நீட்டினான். உள்ளங்கையில் ஒரு கல்லை எடுத்து வைத்தாள். ராத்திரி முழுக்கக் கொஞ்சம் கரைந்தும்கூட எலுமிச்சங்காய் அளவுக்கு இருந்தது.

"இது எம்புட்டு இருக்கும்?"

"எலுமிச்சங்கா இருக்கும் மதினி."

"இது பதினாலா?"

சுருளிவேல் கல்லைப் பார்த்தான். கல் அவனைப் பார்த்தது.

"எம் பந்தல்ல இது மாதிரி கூடை கூடையா கெடந்துச்சு," என்றாள் பவுன்தாய். "குலை பூராம் மண்ணுல. ஆட்டுக்குப் போட்டாக்கூட மோந்து பாத்துட்டுப் போகுது. மானத்துலருந்து எல்லாரு தோட்டத்துலயும் எலுமிச்சங்கா விழுந்திருக்கு, ஒம் முதுகுல மட்டும் கடுகு விழுந்துச்சா?"

"நான் அசையாம நின்னேன் மதினி. ஒரு 'ஸ்'ஸு கூட..."

"மாப்ள," என்று இடைமறித்தான் தெய்வேந்திரன். "ஐஸ் கட்டிய எம்புட்டு நேரமா கையில வச்சிருக்க, வெறைக்கலையாடா?"

அப்போதுதான் சுருளிவேல் கவனித்தான். தண்ணீர் முழங்கைவரை வழிந்திருந்தது. "இல்லையே," என்றான், கொஞ்சம் பெருமையாகவே.

மத்தியானம் ரிஸ்வானா வந்தாள். உத்தமபாளையத்துப் பெண், கம்பெனியின் சட்டைகளைப் பழுது பார்ப்பது அவள் வேலை. சுருளிவேல் வீட்டு வாசலில் பைக்கை நிறுத்திவிட்டு, சட்டையை மடியில் விரித்து, ஒவ்வொரு இழையாகக் கருவியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பவுன்தாயும் தெய்வேந்திரனும் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்பவர்கள் மாதிரி நின்றார்கள்.

"சட்டையில பழுது இல்லை," என்றாள் ரிஸ்வானா.

"அப்ப கல்லு சின்னக் கல்லா?" என்றாள் பவுன்தாய்.

"கல்லு பெரிசுதாங்க்கா. வர்ற வழியில பந்தல்ல விழுந்த அடிய நானே பாத்தேன். ஆனா சட்டை கல்லைப் பாக்குறது கிடையாது."

"பின்ன யாரைப் பாக்குது?"

"அண்ணனோட நரம்ப. கல்லு விழுந்தா நரம்பு உள்ள போயி இவ்வளவு வலிக்குதுன்னு சொல்லுதுல்ல, அதை எடுத்துக்கும். இவ்வளவு வலின்னா இவ்வளவு பெரிய கல்லுன்னு திருப்பிக் கணக்குப் போடும்."

"ஏம்மா, படிச்சவுங்கதான நீங்க? ஒரு ஸ்கேல வச்சு அளந்தா ஆகாதா?"

"அளந்து பாத்தோமே. மொதல்ல தெர்மாகோல் அட்டையில அலுமினியத் தாளச் சுத்தித் தோட்டத்துக்குத் தோட்டம் வச்சோம், ஞாபகமில்லையா? கல்லு விழுந்த பள்ளத்த அளந்துக்கலாம்னு. இந்த ஊர்ல இருந்து வந்த ஒரு அட்டையில பள்ளமெல்லாம் ஏழுக்கு ஏழு வரிசையா இருந்துச்சு."

தெய்வேந்திரன் வேப்பமரத்தை அண்ணாந்து பார்த்தான். "கோலிக்குண்ட கையில குடுத்து, அங்கிட்டும் இங்கிட்டுமா குத்துடின்னு பொண்டாட்டிகிட்டச் சொன்னேன்," என்றான். "கழுத, புள்ளி வச்சிட்டா. மார்கழி மாசம் பாத்துக்க."

"அப்புறம் போட்டோ கேட்டோம். தேங்காய் அளவு கல்லு, பூசணிக்காய் அளவு கல்லுன்னு வந்துச்சு. எல்லாம் போன்லயே செஞ்ச படம். எங்க ஆளுங்களும் யோக்கியம் கிடையாது. அட்டைய மாத்திப் பலகை மாதிரி கெட்டியா வச்சாங்க, பள்ளமே விழாத மாதிரி. கேஸு கோர்ட்டுக்குப் போச்சு. ரெண்டு பக்கமும் கை வைக்க முடியாத ஒரு கருவி கொண்டு வாங்கன்னுட்டாங்க. உயிரோட இருக்கிற ஆளோட நரம்புல யாரு போயி கை வைக்கிறது?"

"அப்ப எம் முதுகு பொய் சொல்லிருச்சா?" என்றான் சுருளிவேல்.

ரிஸ்வானா சட்டையை மடித்தாள். பிரித்து மறுபடி மடித்தாள். "பொய் சொல்லலண்ணே. ஒங்களுக்கு அது பதினாலுதான். கூட்டமா இருக்கிற பஸ்ஸுல புதுசா ஒரு ஆள் ஏறுனா யாருக்குத் தெரியும்? ஒங்க ஒடம்பு முழுக்கப் பழைய வலி சீட்டுப் போட்டு ஒக்காந்திருக்கு."

"அப்படி ஆளைப் போயி எதுக்கு எடுத்தாய்ங்க?" என்றாள் பவுன்தாய்.

ரிஸ்வானா தெருவை இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டாள். "அண்ணே, ஆள் எடுத்த அன்னைக்கு என்ன செஞ்சாங்க?"

அதை அவன் நூறு தடவை சொல்லியிருக்கிறான். பள்ளிக்கூடத்தில் வரிசையாக நிற்க வைத்து, ரப்பர் சுத்தியலால் முதுகில் தட்டினார்கள். வாத்தியார் மகன் முதல் தட்டுக்கே 'ஆ' என்றான், அனுப்பிவிட்டார்கள். சுருளிவேல் முறை வந்தபோது, "தட்டியாச்சா சார்?" என்று கேட்டான். அதிகாரி எழுந்து வந்து கை கொடுத்தார். அந்தக் கையை அவன் அன்றைக்கு முழுக்கக் கழுவவில்லை.

"எல்லா ஊர்லயும் லோடுமேன், கல்லு ஒடைக்கிறவங்க, செங்கச் சூளைக்காரங்கதான் கிடைச்சிருக்காங்க," என்றாள் ரிஸ்வானா. "ஏன்னு நெனைக்கிறீங்க?"

"பலசாலின்னு."

ரிஸ்வானா தலையைக் குனிந்துகொண்டாள். பதில் வாசற்படியிலிருந்து வந்தது.

"பலசாலியாம்," என்றாள் கோகிலா. "மரத்துப் போன கட்டைன்னு எடுத்திருக்காய்ங்க. கல்யாணமான மறுவாரமே நான் சொன்னேன், யாரு கேட்டா."

எல்லோரும் சிரித்தார்கள். சுருளிவேலும் சிரித்தான். சிரிக்கும்போதே அந்த அதிகாரி கை கொடுத்தது ஞாபகம் வந்து, காது மடல் சூடாகிவிட்டது. பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய சந்தோஷத்தில் மூன்று வருசம் திரிந்தவனிடம், அது முட்டைகளில் பெரிய முட்டைக்கான பரிசு என்று இப்போதுதான் சொல்கிறார்கள்.

பவுன்தாய் சிரிக்கவில்லை. "வேற ஆளைப் போட முடியாதாம்மா?"

"அஞ்சு வருச ஒப்பந்தம்க்கா. இந்தச் சட்டை அண்ணன் நரம்புக்குன்னே பழக்குனது."

"தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டவரு முடிவாச் சொல்லிட்டாரு. வர்ற கோடையிலயும் வெள்ளாமை கையைச் சுட்டுச்சுன்னா பந்தலைப் பிரிச்சு ப்ளாட் போட்ருவேன்னு. எனக்கு அந்தத் தோட்டத்த விட்டா நிக்கிறதுக்கு நெழல் கெடையாது." அவள் குரலை உயர்த்தவே இல்லை. அதனால் எல்லோருக்கும் கேட்டது.

ரிஸ்வானா பைக்கை எடுத்தாள். எடுத்தவள் நிறுத்தினாள். "தூக்குற வேலையை விட்டுட்டு, நல்லாத் தூங்கி, ஒடம்பை இதமா வச்சுக்கிட்டா கொஞ்சங்கொஞ்சமா உணர்ச்சி திரும்பும். அது கூடாதுன்னு ஒப்பந்தத்துல எங்கயும் இல்லை. லோடுமேனு மெத்தையில படுப்பான்னு அவங்க யோசிக்கவே இல்லை." கிக்கரை உதைத்துவிட்டுச் சொன்னாள், "நான் எதுவும் சொல்லலை."

ஊர் கூடி ஒரு முதுகைச் சீராட்டிய கதை இந்தப் பள்ளத்தாக்கில் வேறெங்கும் நடந்திருக்காது.

தெய்வேந்திரன் தன் மச்சான் கல்யாணத்துக்கு வந்த இலவம்பஞ்சு மெத்தையைக் கொண்டுவந்து போட்டான். பவுன்தாய் வாரம் இரண்டு முறை நல்லெண்ணெயோடு வந்தாள். சுருளிவேல் குடம் தூக்கக் கூடாது, விறகு பிளக்கக் கூடாது, செருப்பில்லாமல் நடக்கக் கூடாது. மார்க்கெட்டில் அவன் இடம் பறிபோகாமல் இருக்கத் தோட்டக்காரர்கள் நாலு பேர் முறைவைத்துப் போய் அவன் பங்குப் பெட்டிகளைத் தூக்கினார்கள். ஒரு முதுகு மெத்தென்று ஆவதற்குள் நாலு முதுகு காய்த்துப் போனது. அந்தக் கணக்கை யாரும் அப்போது போட்டுப் பார்க்கவில்லை.

"வளைகாப்பு எப்ப வச்சிருக்கு?" என்று தெருவில் கேட்பார்கள்.

"ஏழாம் மாசம்," என்பான் அவனே. வேறு யாராவது சொல்வதற்குள் தானே சொல்லிக்கொள்வது மலிவு.

ஞாயிற்றுக்கிழமை தோறும் பரிசோதனை. சட்டையை மாட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நிற்பான். முதலில் நெல்லிக்காய், அப்புறம் கொய்யாப் பிஞ்சு என்று முதுகில் எறிவார்கள். சட்டைக் காலரில் உள்ள சின்னத் திரையில் எண் ஒளிரும். எறியும் வேலையைக் கோகிலா யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. குறி பார்த்து, கொசுவத்தைச் செருகிக்கொண்டு, பழைய சண்டைகளை ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்திக்கொண்டு எறிவாள். பத்து, பன்னிரண்டு என்று கிடந்த எண் ஆடியில் பதினாறைத் தொட்டது. தீபாவளிக்கு ஒரு கொய்யாப் பிஞ்சுக்கு இருபத்திரண்டு காட்டியபோது பவுன்தாய் சட்டைக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டாள்.

உணர்ச்சி திரும்பியது. கேட்ட இடத்துக்கு மட்டும் திரும்பவில்லை, அதுதான் வம்பு. கொசு கடித்தால் எழுந்து உட்கார்ந்தான். சட்டைத் தையல் குத்தியது. வெந்நீர் சுட்டது, பச்சைத் தண்ணீர் உறைத்தது. ஒருநாள் மார்க்கெட் பக்கம் போனவன், பழைய கூட்டாளி ஒருவன் கழுத்து நரம்பு புடைக்க மூட்டை இறக்குவதைப் பார்த்துவிட்டு டீ குடிக்காமல் திரும்பினான். இத்தனை வருசம் தானும் அப்படித்தான் இருந்திருப்போம் என்பது அவனுக்கு ஏதோ பக்கத்து வீட்டுச் சேதி மாதிரி இருந்தது.

ஒரு சாயங்காலம் கோகிலா அவன் முதுகில் எண்ணெய் தேய்த்தபோது, "மெதுவாத் தேயி," என்றான். "கையில என்னத்த வச்சிருக்க, தேங்கா நாரா?"

"கைதான்."

திரும்பி அவள் கையைப் பிடித்துப் பார்த்தான். பேக்கிங் செட்டில் குலை வெட்டிக் கத்தரிக்கோல் பிடித்த விரல்கள். உள்ளங்கை முழுக்க வெடிப்பு, வெடிப்புக்குள் கறுப்பு.

"எப்பருந்து இப்படி இருக்கு?"

"ஒனக்கு இப்பத்தான் முதுகு வந்திருக்கு," என்றாள் அவள். கையை உருவிக்கொண்டு, கொஞ்சம் மெதுவாகத் தேய்த்தாள்.

சித்திரையில் மேகம் கறுத்தது. பவுன்தாய் தோட்டத்தில் குலைகள் நிறம் திரும்பி, தொட்டால் விரலில் பொடி ஒட்டும் பதத்தில் இருந்தன. இன்னும் ஒரு வாரம் விட்டுப் பறிக்கலாம் என்று வியாபாரி சொல்லிவிட்டுப் போயிருந்தான். மூணாறு மலைப் பக்கமிருந்து குளிர்ந்த காற்று ஒன்று வந்து எல்லா இலைகளையும் புரட்டிப் பார்த்தது. சுருளிவேல் சட்டையை மாட்டினான், கவசத்தைப் போட்டான். களத்துக்குப் போகிற வழியில் ஆட்கள் மோட்டார் ரூம் ஓரமும் டிராக்டர் அடியிலும் ஒதுங்கி நின்று அவனைப் பார்த்தார்கள். யாரோ கைதட்டினார்கள். ஜல்லிக்கட்டுக் காளைக்குக்கூட இவ்வளவு கவனிப்பு கிடையாது என்று நினைத்துக்கொண்டான்.

அன்றைக்கு அவனுக்கு இருந்த திட்டம் எளிமையானது. வலிக்க வேண்டும். வலித்தால் போதும், மற்றதைச் சட்டை பார்த்துக்கொள்ளும்.

முதல் கல் இடது தோளில் விழுந்தது.

இப்படி ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று அவனிடம் யாருமே சொன்னதில்லை. தோளில் விழுந்தது குதிகாலில் கேட்டது. கண் முன்னால் திராட்சைப் பந்தல் ஒரு நிமிசம் வெள்ளையாகி மறுபடி பச்சையானது. கழுத்தைத் திருப்பிக் காலர்த் திரையைப் பார்த்தான். முப்பத்தொன்று. முப்பத்தொன்று என்று வாய்விட்டுச் சிரித்தான். சிரித்துக்கொண்டிருக்கும்போது இரண்டாவது கல் தண்டுவடத்தில் விழுந்தது. மூன்றாவதும் நாலாவதும் சேர்ந்தே விழுந்தன.

"அம்மா" என்று யாரோ கத்தியது அவனுக்குக் கேட்டது. நல்ல கனமான குரல்.

ஓடினான் என்று சொன்னால், அவன் யோசித்து ஒரு முடிவெடுத்து ஓடியதுபோல் ஆகிவிடும். அப்படியெல்லாம் இல்லை. களத்தில் நின்றுகொண்டிருந்தான், அப்புறம் பவுன்தாயின் மோட்டார் ரூமுக்குள், தண்ணீர்க் குழாயை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான். நடுவில் என்ன நடந்தது என்று கால்களைத்தான் கேட்க வேண்டும்.

காலர் பேசியது. பெண் குரல், பாங்கில் டோக்கன் கூப்பிடுகிற குரல். "உடற்சான்றாளர் களத்தில் இல்லை. ஐந்து நிமிடத்திற்குள் திரும்பாவிட்டால் பதிவு ரத்தாகும்."

பவுன்தாய் அலுமினிய அன்னக்கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பந்தலுக்கு அடியிலிருந்து ஓடி வந்தாள். கூடையில் கல் விழும் சத்தம் கோயில் நகரா முரசு மாதிரி அதிர்ந்தது.

"சுருளி, வா."

"வாரேன் மதினி."

வரவில்லை. அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். குழாயைப் பிடித்திருந்த கைகள் விடவில்லை. இவை தன் கைகள்தானா என்று அவனுக்கே சந்தேகமாக இருந்தது. எட்டுப் பெட்டியைச் சேர்த்துத் தூக்கிய கைகள், இப்போது பால்குடி மறக்காத பிள்ளை மாதிரி குழாயைப் பிடித்திருந்தன.

"கொஞ்ச நேரம்தாண்டா. பல்லைக் கடிச்சுக்கிட்டு நில்லு. முன்ன நின்னேல்ல?"

"முன்ன தெரியல மதினி."

"இப்ப?"

"வலிக்குது."

பவுன்தாய் அவனைப் பார்த்தாள். ஐம்பது வயது ஆண்பிள்ளை, மீசை நனைந்து தொங்க, கண்ணில் தண்ணீரோடு அதைச் சொல்லுவதை அவள் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. புருசன்கூட ஆஸ்பத்திரியில் கடைசிவரை ஒன்றுமில்லை என்றுதான் சொன்னான்.

அவள் முழங்கையிலிருந்து ரத்தம் வழிந்து கொண்டிருந்தது. கூடைக்கு வெளியே நீட்டியிருந்த கை. அவன் அதைக் கவனித்தான்.

"ஒனக்கு வலிக்கலையா மதினி?"

அவள் தன் முழங்கையை அடுத்தவர் வீட்டுச் சாமானைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "எனக்கு எங்க வலிக்குது," என்றாள்.

வெளியே கம்பி அறுந்து பந்தலின் ஒரு மூலை சாய்ந்தது. அவள் அவன் மணிக்கட்டை இன்னும் பிடித்திருந்தாள். இன்னொரு இழுப்பு இழுத்திருந்தால் அவன் போயிருப்பான் என்று பின்னால் பல நாள் சொல்லிக்கொண்டான். போயிருக்க மாட்டான் என்பதும் அவனுக்குத் தெரியும். அவள் இழுக்கவில்லை. விட்டாள்.

"சரி, நில்லு," என்றாள்.

கூடையைத் தரையில் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் வாசல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இலை போனது, அப்புறம் குலை போனது, அப்புறம் கொடியின் பட்டை உரிந்தது. காலர், பதிவு ரத்தானதை மரியாதையாகத் தெரிவித்தது.

கம்பெனி மறுநாளே எழுதிவிட்டது. இந்தப் பள்ளத்தாக்கில் இதுவரை பதிவானதிலேயே பெரிய கல், முப்பத்தொன்று. செல்லாது. உடற்சான்றாளர் களத்தைக் கைவிட்டதால் வேலையிலிருந்து நீக்கப்படுகிறார். சட்டையை வாங்க வந்த ரிஸ்வானா, "நான் மெத்தைய மட்டும்தான் யோசிச்சேன். காலை யோசிக்கலண்ணே," என்றாள்.

"நானும்தான்," என்றான் அவன்.

ஊர் திட்டியிருந்தால் வசதியாக இருந்திருக்கும். யாரும் திட்டவில்லை. டீக்கடையில் தெய்வேந்திரன், "குழந்தைக்குச் சீனி தூக்கலா ஒரு டீ போடு," என்று மட்டும் சொன்னான். கழுத்தில் பெட்டி தூக்கிய தழும்போடு சொன்னான். சுருளிவேல் அந்த டீயைக் குடித்தான், நாக்கைச் சுட்டது.

வைகாசியில் பவுன்தாயின் பந்தலைப் பிரித்தார்கள். கல்தூண்களை லாரியில் ஏற்றினார்கள். ஆனியில் புதுக் கல்லடி ஆள் எடுக்கப் பள்ளிக்கூடத்தில் வரிசை நின்றது. இந்த முறை பெண்களும் வரலாமாம். வேடிக்கை பார்க்கப் போன சுருளிவேல், வரிசையில் ஏழாவதாகப் பவுன்தாய் நிற்பதைப் பார்த்தான்.

பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னான். "மதினி, சுத்தியலால தட்டும்போது வலிக்குதுன்னு கத்திரு. தள்ளிவிட்ருவாய்ங்க."

"தள்ளிட்டா சோத்துக்கு?"

"எடுத்துட்டா? வர்ற வருசம் தெய்வேந்திரன் தோட்டத்துல எலுமிச்சங்கா விழும். ஒனக்குப் பன்னெண்டுதான் காட்டும். அவன் என்ன செய்வான்?"

பவுன்தாய் வரிசையில் ஒரு அடி முன்னால் நகர்ந்தாள். "இங்க பாரு சுருளி. வெள்ளாமைக்காரி வலிக்குதுன்னு சொன்னாத்தான் பணம். கூலிக்காரி வலிக்கலைன்னு சொன்னாத்தான் பணம். போன மாசம் வரைக்கும் நான் வெள்ளாமைக்காரி. இப்ப யாருன்னு நீயே சொல்லு."

வரிசை நகர, அவனும் கூடவே இரண்டு அடி நடந்தான்.

அவள் உள்ளே போனாள். ஜன்னல் ஓரமாக நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான். முந்தைய ஆட்கள் ஒவ்வொருவரிடமிருந்தும் ஏதாவது ஒரு சத்தம் வந்திருந்தது. ஒரு முனகல், ஒரு மூச்சு, ஒரு செருமல். இப்போது ஒன்றுமே வரவில்லை. நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. யாரோ எழுந்து கை கொடுக்கிறார்கள்.

புதுச் சட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தவளை வாசலில் மறித்தான். நான்கு நாளாக வீட்டில் சொல்லிப் பார்த்து வைத்திருந்த பெரிய பேச்சில் ஒரு வார்த்தைதான் மிஞ்சியது.

"மதினி, ஒரு வெள்ளாமை நான் ஒனக்குத் தரணும்."

இல்லையப்பா, அதெல்லாம் ஒன்றுமில்லை என்பாள் என்று ஓரத்தில் ஒரு ஆசை இருந்தது. யாராயிருந்தாலும் அப்படித்தானே சொல்வார்கள்.

"ஆமா, தரணும்," என்றாள் பவுன்தாய். "எப்பத் தருவ?"

அவன் தன் கைகளைப் பார்த்தான். ஒரு வருசச் சீராட்டலில் உள்ளங்கை இளநீர் வழுக்கை மாதிரி ஆகியிருந்தது. மறுநாள் மார்க்கெட்டுக்குப் போய் முதல் பெட்டியைத் தூக்கினாலே கொப்புளம் கட்டிவிடும்.

"தெரியல மதினி."

"சரி, தெரியும்போது சொல்லு," என்று அவள் நடந்தாள்.

இரண்டு ஏக்கர் பன்னீர் திராட்சை, ஒரு சித்திரை வெள்ளாமை. சுருளிவேல் பவுன்தாய்க்குத் தர வேண்டியது. இன்னும் தரவில்லை.